எந்திரத்திடம் தோற்கலாம், பயப்படக்கூடாது!

கொல்லிமலையைப் பற்றிப் பழைய கதை ஒன்று உண்டு.

அந்த மலையில் ஒரு பாவை இருந்ததாம். பார்ப்பதற்கு அழகான பெண். ஆனால், உயிர் கிடையாது. பூதம் செய்து வைத்த பொம்மை. கெட்ட எண்ணத்தோடு யாராவது மலை ஏறி வந்தால், அந்தப் பாவை அவனைப் பார்த்துச் சிரிக்கும். சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் திரும்பி வரமாட்டான். அதன் பெயர் கொல்லிப்பாவை. சங்கப் புலவர்கள் அதைப் பாடி இருக்கிறார்கள். உள்ளே பொறி வைத்த எந்திரம் அது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். கொல்லிமலையில் கோவில் கொண்டிருக்கும் எட்டுக்கை அம்மன்தான் கொல்லிப்பாவை என்று நம்புகிறவர்கள் இன்றும் பலர்.

உயிர் இல்லாத பாவை மனிதனை வென்றுவிடும்! எவ்வளவு காலத்துக்கு முன்பே நம் முன்னோர் இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்!

இன்று அந்தப் பாவை உங்கள் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. ஆம்! உங்கள் செல்போனில் சதுரங்கம் ஆடும் எந்திர மூளையைத்தான் சொல்கிறோம். அது சிரிக்காது, மயக்காது. ஆனால், உலக சாம்பியனே எதிரில் உட்கார்ந்தாலும் வென்றுவிடும்.

ஒரு சிறுவனின் கேள்வி

கொல்லிமலையில் ஒரு சிறுவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 10. அப்பா மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அம்மா வீட்டையும் காட்டையும் பார்த்துக்கொள்கிறார். பையன் பள்ளிக்கூடத்தில் சதுரங்கம் கற்றுக்கொண்டான். நன்றாக ஆடுகிறான். ஊரில் அவனுக்கு ஈடுகொடுத்து ஆட ஆள் இல்லை. அதனால் அப்பாவின் செல்போனில் எந்திரத்தோடு ஆடுகிறான்.

முதல் நாள் தோற்றான். இரண்டாம் நாள் தோற்றான். பத்தாம் நாளும் தோற்றான்.

"அப்பா, எனக்கு மூளை கிடையாதா?" என்று கேட்கிறான்.

அப்பா என்ன பதில் சொல்ல வேண்டும்? "சும்மா போடா, போய்ப் படி" என்று சொல்லலாமா? செல்போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? இல்லை, விடாமல் ஆடு என்று தட்டிக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி கொல்லிமலையில் மட்டும் எழவில்லை. சென்னையில் எழுகிறது; மதுரையில் எழுகிறது; கொழும்பிலும் சிங்கப்பூரிலும் எழுகிறது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே கேள்வி வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். பதில் தானாகக் கிடைத்துவிடும்.

பெட்டிக்குள் மனிதன்

சதுரங்கம் நமக்குப் புதிய ஆட்டம் அல்ல. திருவாரூர் மாவட்டத்தில் பூவனூர் என்று ஒரு ஊர். அங்கே உள்ள சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ஒரு அரசகுமாரியை இறைவனே வந்து ஆடி வென்று மணந்துகொண்டார் என்பது தல வரலாறு.

மனிதனோடு எந்திரம் சதுரங்கம் ஆட வந்தது எப்போது? 1770-ம் ஆண்டு வியன்னா நகரத்தில் ஒரு அதிசயப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். செய்தவர் பெயர் கெம்பெலன். பெட்டியின் பின்னால் துருக்கியர் உடை அணிந்த ஒரு பொம்மை. அது கையை நீட்டும், காயை எடுக்கும், நகர்த்தும். பெரிய மனிதர்களை எல்லாம் தோற்கடித்தது. பிரான்சு மன்னர் நெப்போலியனும் அதனோடு ஆடினார். ஐரோப்பா முழுவதும் இதே பேச்சு.

ரகசியம் பிறகு வெளியே வந்தது. பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்தான்! நல்ல ஆட்டக்காரன். அவன்தான் பொம்மையின் கையை ஆட்டி வைத்தான்.

அன்று எந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்துகொண்டு ஏமாற்றினான். இன்று மனிதன் எந்திரத்தை ஒளித்து வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எண்ண முடியாத கணக்கு

எந்திரத்துக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுப்பது ஏன் கஷ்டம்? அரசனிடம் நெல் கேட்ட அறிஞரின் கதை உங்களுக்குத் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு நெல். இரண்டாம் கட்டத்துக்கு 2. மூன்றாம் கட்டத்துக்கு 4. இப்படியே இரட்டிப்பாக்கிக்கொண்டு போனால் பத்தாம் கட்டத்தில் 512 நெல்தான். ஆனால், 21-ம் கட்டத்தில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். 64 கட்டமும் முடியும்போது வருகிற மொத்த எண்ணை எழுத 20 இலக்கம் வேண்டும்!

சதுரங்கக் காய்களை நகர்த்தும் கணக்கும் இப்படித்தான் பெருகும். வெள்ளைக்காரர் முதல் காயை 20 விதமாக நகர்த்தலாம். கறுப்புக்காரரும் 20 விதமாக நகர்த்தலாம். அதற்குள் 400 வழி ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டு முறை நகர்த்தினால் 1,97,281 வழி. ஆளுக்கு மூன்று முறை நகர்த்தினால் 11 கோடியே 90 லட்சம் வழிக்கு மேல்! நாலாவது முறையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மனிதன் இவ்வளவையும் பார்ப்பது இல்லை. "இது சரிப்படாது" என்று பலவற்றை ஒதுக்கிவிடுகிறான். நாலைந்தை மட்டும் ஆழ்ந்து யோசிக்கிறான். சந்தையில் காய்கறி வாங்கும் அம்மா எல்லாக் கத்தரிக்காயையும் எடுத்துப் பார்ப்பாரா? கண்ணாலேயே கழித்துவிடுவார் அல்லவா? அதுபோலத்தான். எந்திரமோ ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கும். அலுக்காது, சலிக்காது.

பந்தயம் கட்டியவர்

1968-ம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் லெவி என்ற சதுரங்க வீரர் ஒரு பந்தயம் கட்டினார். "இன்னும் 10 ஆண்டுகளுக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் என்னைப் போட்டியில் ஜெயிக்க முடியாது" என்பதுதான் பந்தயம். எதிரே நின்றவர்கள் கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள்.

10 ஆண்டு ஓடிற்று. 1978-ம் ஆண்டு கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் போட்டி நடந்தது. லெவி மூன்றரைப் புள்ளி. எந்திரம் ஒன்றரைப் புள்ளி. லெவி பந்தயத்தை வென்றார்! ஆனால், ஒரு ஆட்டத்தில் எந்திரம் அவரைத் தோற்கடித்துவிட்டது. அது எச்சரிக்கை மணி.

1989-ம் ஆண்டு லெவி மறுபடியும் ஆடினார். இந்த முறை எதிரே இருந்தது டீப் தாட் என்ற எந்திரம். நாலு ஆட்டம் ஆடினார்கள். நாலிலும் லெவி தோற்றார்.

உலக சாம்பியன் விட்ட தவறு

அப்போது உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ். ரஷிய வீரர். சிங்கம் என்றே சொல்லலாம். ஐ.பி.எம். கம்பெனி டீப் ப்ளூ என்ற பெரிய எந்திரத்தைச் செய்து அவர் முன்னால் நிறுத்தியது.

1996-ம் ஆண்டு பிலடெல்பியா நகரத்தில் முதல் மோதல். முதல் ஆட்டத்திலேயே காஸ்பரோவ் தோற்றார். ஆனால், அவர் மனம் தளரவில்லை. எதிரியைப் படித்தார், ஆட்டத்தை மாற்றினார். முடிவில் 4-2 என்று வென்றார்.

1997-ம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் இரண்டாவது மோதல். இப்போது எந்திரத்தின் பலம் கூடி இருந்தது. ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளை அது ஆராயும். முதல் ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். இரண்டாவது ஆட்டத்தில் எந்திரம் மனிதனைப் போல நிதானமாக ஆடிற்று. காஸ்பரோவ் திகைத்தார். நிலைமை மோசம் என்று எண்ணி, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் ஒரு செய்தி வந்தது. அந்த ஆட்டத்தை டிராவில் முடிக்க வழி இருந்தது என்று நிபுணர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தொடர்ந்து செக் கொடுத்துக்கொண்டே தப்பி இருக்கலாம்!

காஸ்பரோவுக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? "எந்திரம் இவ்வளவு நன்றாக ஆடுகிறதே, அது இந்த வழியைப் பார்க்காமலா இருக்கும்?" என்ற எண்ணம்தான். எந்திரம் தவறே செய்யாது என்று நம்பினார். தேடுவதை நிறுத்தினார். அடுத்த மூன்று ஆட்டமும் டிரா. கடைசி ஆட்டம் 19 நகர்த்தலில் முடிந்தது. காஸ்பரோவ் தோற்றார். எந்திரத்துக்கு மூன்றரை, மனிதனுக்கு இரண்டரை.

அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தது எந்திரத்தின் பலம் மட்டும்தானா? அவருடைய பயமும் சேர்ந்து அல்லவா தோற்கடித்தது! இதைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்முடைய ஆனந்த் செய்த சோதனை

இனி நம்முடைய ஊருக்கு வருவோம்.

விசுவநாதன் ஆனந்த் 1969-ம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்தவர். 6 வயதில் அவருக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவர் அம்மா சுசீலா. தந்தையின் வேலை காரணமாகக் குடும்பம் கொஞ்ச காலம் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்தது. அங்கே டெலிவிஷனில் பகல் நேரத்தில் சதுரங்கப் புதிர் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்துத் தபாலில் அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். அடிக்கடி பரிசு இவருக்கே கிடைத்தது. கடைசியில், "வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், தம்பி! இனிமேல் விடை அனுப்பாதே!" என்கிற அளவுக்கு வந்துவிட்டார்களாம்.

இந்த ஆனந்த் 1998-ம் ஆண்டு உலகத்தின் இரண்டாவது ஆட்டக்காரராக இருந்தார். அந்த ஆண்டு இத்தாலி நாட்டில் இஸ்கியா என்ற தீவில் ரெபெல் என்ற எந்திர ஆட்டத்தோடு மோதினார். மொத்தம் 8 ஆட்டம். முடிவு என்ன தெரியுமா? எந்திரம் 5, ஆனந்த் 3.

"அடடா, தோற்றுவிட்டாரா!" என்று வருத்தப்படாதீர்கள். கணக்கைப் பிரித்துப் பாருங்கள்.

நாலு ஆட்டம் 5 நிமிட வேக ஆட்டம். அதில் எந்திரம் 3-1 என்று வென்றது. இரண்டு ஆட்டம் ஆளுக்கு 15 நிமிடம். அதிலும் எந்திரம்தான்: ஒன்றரைக்கு அரை. மீதி இரண்டு ஆட்டம் முழு நேர ஆட்டம். 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம். அந்த இரண்டில்? ஆனந்த் ஒன்றரை, எந்திரம் அரை!

கவனித்தீர்களா? அவசரப்படுத்தியபோது எந்திரம் வென்றது. யோசிக்க நேரம் கொடுத்தபோது மனிதன் வென்றான்.

அந்தக் காலம் போய்விட்டது. இன்றைய எந்திரம் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வெல்லும். ஆனால், அந்தப் பாடம் போகவில்லை. மனித மூளைக்கு நேரம் வேண்டும். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம் வேண்டும். பிள்ளையை 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டும் பெற்றோர் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

தோற்ற ஆனந்த் என்ன செய்தார்? எந்திரத்தை வெறுத்தாரா? இல்லை. அதையே கூட்டாளி ஆக்கிக்கொண்டார். மனிதனும் எந்திரமும் சேர்ந்து ஆடும் புதுவகைப் போட்டி ஸ்பெயின் நாட்டு லியோன் நகரத்தில் நடந்தது. 1999-ம் ஆண்டு அங்கே முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவை 5-1 என்று தோற்கடித்தார். இருவர் கையிலும் கம்ப்யூட்டர் இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர் வென்றார். அதற்கு அடுத்த ஆண்டு, 2000-ல், ஆனந்த் உலக சாம்பியன் ஆனார்.

இன்றைய பலம்

2006-ம் ஆண்டு அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் பிரிட்ஸ் என்ற எந்திரத்தோடு ஜெர்மனியில் ஆடி 2-4 என்று தோற்றார். அதில் ஒரு ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டையே பார்க்காமல் விட்டுவிட்டார்! களைப்பு, கவனக்குறைவு எல்லாம் மனிதனோடு பிறந்தவை. சாம்பியனுக்கும் அது உண்டு.

2017-ம் ஆண்டு ஆல்பாசீரோ என்ற எந்திர மூளையைப் பற்றிச் செய்தி வந்தது. அதற்கு ஆட்டத்தின் விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதை எல்லாம் தன்னோடு தானே ஆடிக் கற்றுக்கொண்டது. பிறகு, ஸ்டாக்பிஷ் என்ற பலமான எந்திரத்தோடு 100 ஆட்டம் ஆடிற்று. 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்விகூட இல்லை.

அந்த ஸ்டாக்பிஷ் இன்று இன்னும் பலம் பெற்றுவிட்டது. அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மனிதர்களில் மிக அதிகப் புள்ளி எடுத்தவர் நார்வே நாட்டு கார்ல்சன். 2014-ல் அவர் எடுத்த 2882-ஐ இதுவரை எந்த மனிதரும் தாண்டவில்லை. எந்திரங்களின் தனிப் பட்டியலில் ஸ்டாக்பிஷுக்கு 3500-க்கு மேல்!

இப்போது சில எந்திரங்கள், தங்கள் குதிரை ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு ஆடுகின்றன. ஒரு குதிரை குறைவாக ஆடியும், வேக ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களையே வென்றுவிடுகின்றன. கிராண்ட்மாஸ்டர் என்பது சதுரங்கத்தில் மிகப் பெரிய பட்டம். அவர்கள் கதியே இப்படி என்றால், கொல்லிமலைச் சிறுவன் தோற்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

"எப்போதும் எந்திரமே ஜெயிக்கும் என்றால் நாம் ஏன் ஆட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். மோட்டார் சைக்கிள் மனிதனை விட வேகமாக ஓடுகிறது. அதற்காக ஓட்டப் பந்தயத்தை நிறுத்திவிட்டோமா?

குகேஷ் நடந்த வழி

சென்னைப் பையன் குகேஷின் கதை இந்த இடத்தில் முக்கியம்.

2006-ம் ஆண்டு பிறந்தவர். 7 வயதில் ஆடக் கற்றுக்கொண்டார். 12 வயதில், 2019-ம் ஆண்டு ஜனவரியில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டரின் துணையோடுதான் ஆட்டம் படித்தார்கள். ஆனால், குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வேறு வழியில் போனார். கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கும் வரையில் பையனை எந்திரத்தின் பக்கமே விடவில்லை. பலகையில் காயை வைத்து, தானே யோசிக்க வைத்தார். தவறா? பரவாயில்லை. உன் தவறை நீயே கண்டுபிடி!

பட்டம் வாங்கிய பிறகுதான் எந்திரம் வந்தது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி. இடம் சிங்கப்பூர். உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் 14-வது ஆட்டம். எதிரே சீன வீரர் டிங் லிரன். இருவரும் சமப் புள்ளி. ஆட்டமும் டிராவை நோக்கிப் போயிற்று. 55-வது நகர்த்தலில் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அது தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. குகேஷிடம் கம்ப்யூட்டர் இல்லை. அவர் தன் மூளையால் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தார்! 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். வென்றதும் கண்ணீர் விட்டார். அழுதுகொண்டே காய்களை எடுத்துப் பலகையில் அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தார்.

பல மணி நேரம் ஆடிக் களைத்த பிறகும், யாரும் சொல்லாமல், தானே பார்க்கும் கண். அது எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் எந்திரத்திடம் விடை கேட்காமல் தானே தேடிய பழக்கத்துக்கு அதில் பங்கு உண்டு என்பதே நம் கருத்து.

தொப்பிக்குள் திருட்டு

எந்திரத்தை ஒளித்து வைத்து ஏமாற்றும் கதையைச் சொல்கிறோம் என்றோமே, அது இதுதான். 2006-ம் ஆண்டு டெல்லியில் ஒரு போட்டி. ஒரு ஆட்டக்காரர் தலையில் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினார். தொப்பிக்குள் சின்னக் கருவி! வெளியே இருக்கும் கூட்டாளி கம்ப்யூட்டரைப் பார்த்து விடை சொல்ல, இவர் காயை நகர்த்தினார். பிடித்துவிட்டார்கள். 10 ஆண்டு ஆடக்கூடாது என்று தடை விதித்தார்கள்.

அவருக்கு என்ன லாபம்? வென்ற ஆட்டம் எதுவும் அவருடையது அல்ல. பரிசைத் தூக்கி வந்தாலும் தூக்கி வந்தது எந்திரம்தான். வீட்டில் உட்கார்ந்து செல்போன் மூலம் தெரியாதவரோடு ஆடும் சிறுவர்களுக்கும் இந்த ஆசை வரும். பெற்றோர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "தம்பி, தோற்றால் சாப்பாடு உண்டு. திருடினால் கிடையாது!"

பெற்றோருக்கு ஐந்து யோசனை

பிள்ளைக்கு எந்திரத்தைக் கொடுக்கலாமா, கூடாதா? கொடுக்கலாம். எப்படி என்பதுதான் கேள்வி.

முதலாவது: முதலில் பலகை, பிறகுதான் செல்போன். காயைக் கையால் எடுத்து வைத்து ஆடும் பிள்ளை நிதானமாக யோசிக்கும். ஒரு பலகையின் விலை செல்போன் விலையில் மிகச் சிறு பங்குதான்.

இரண்டாவது: எந்திரத்தின் பலத்தைக் குறைத்து வையுங்கள். எந்திர ஆட்டங்களில் அதற்கு வசதி இருக்கிறது. பிள்ளை சில ஆட்டம் ஜெயித்து, சில ஆட்டம் தோற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் தோற்றால் மனம் ஒடிந்துவிடும். எப்போதும் ஜெயித்தால் தலை கனத்துவிடும்.

மூன்றாவது: ஆட்டத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கே தவறினோம் என்று முதலில் பிள்ளையே யோசிக்கட்டும். காரணத்தையும் எழுதட்டும். அதன் பிறகு எந்திரத்தைக் கேட்கட்டும். எந்திரம், 'இது சரி' என்று சொல்லும். ஏன் சரி என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லாது. அந்த 'ஏன்' பிள்ளையின் தலையில் விளைய வேண்டும்.

நாலாவது: மனிதரோடு ஆடட்டும். அண்ணன், தங்கை, தாத்தா, பக்கத்து வீட்டுப் பையன், யாராக இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரியாவிட்டால் பிள்ளையிடமே கற்றுக்கொள்ளுங்கள். ஆனந்துக்கு அம்மா இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாவது: நேரம் குறித்துக் கொடுங்கள். இரவில் செல்போனைக் கட்டிக்கொண்டு தூங்கக்கூடாது. களைத்த மூளை சாம்பியனையே கவிழ்த்துவிடும் என்று மேலே பார்த்தோம்.

மலைப் பிள்ளைக்கு இது வாய்ப்பு

எந்திரத்தைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக்கூடாது. பட்டணத்துப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் உண்டு. சங்கம் உண்டு. போட்டி உண்டு. ஆனந்த் சிறுவனாக இருந்தபோது சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கச் சங்கம் இருந்தது. அங்கே போய் மூத்தவர்களோடு ஆடி வளர்ந்தார்.

கொல்லிமலைப் பிள்ளை எங்கே போவான்? காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு போட்டிக்குப் போவது என்றால் அத்தனை வளைவும் இறங்க வேண்டும்; திரும்ப ஏற வேண்டும். அப்பாவின் ஒரு நாள் கூலி போய்விடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, உலகத்திலேயே பலமான ஆட்டக்காரன் செல்போனுக்குள் வந்து, காசு வாங்காமல், எத்தனை முறை கேட்டாலும் கோபப்படாமல் ஆடுகிறான் என்றால் அது சின்ன விஷயமா?

ஆனால், எந்திரம் மட்டும் போதாது. 'நன்றாக ஆடினாய்' என்று முதுகில் தட்ட ஒரு கை வேண்டும். ஆகவே, கொல்லிமலை போன்ற மலைப் பகுதிகளில் ஒவ்வொரு பள்ளியிலும் நாலு பலகை இருக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது மலை மேலேயே நடத்த வேண்டும். எப்போதும் பிள்ளைதான் மலை இறங்க வேண்டுமா? போட்டி ஒருமுறை மலை ஏறி வரட்டுமே! அரசும், சதுரங்கச் சங்கங்களும், மலையில் படித்து வெளியே போய் வேலை பார்ப்பவர்களும் மனம் வைத்தால் இது நடக்கும். பெரிய செலவு கிடையாது.

அப்பா சொல்ல வேண்டிய பதில்

"அப்பா, எனக்கு மூளை கிடையாதா?" என்று கேட்டானே, அந்தச் சிறுவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கொல்லிமலையை ஆண்டவர் வல்வில் ஓரி. செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றது என்று புறநானூறு சொல்கிறது. மலையில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும்.

அப்பா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து இப்படிச் சொல்லலாம்:

"உனக்கு மூளை இருக்கிறது, கண்ணு. அதனால்தான் பத்து நாள் தோற்றும் பதினோராம் நாள் ஆட வந்தாய். அந்த எந்திரத்திடம் உலக சாம்பியனே தோற்கிறார். நீ தோற்பதில் வெட்கம் இல்லை. ஓரி மகாராஜா அந்த ஒரு அம்பை விடுவதற்கு முன்னால், சின்ன வயதில் எத்தனை அம்பு குறி தவறி விட்டிருப்பார்? அதை யார் எண்ணினார்கள்? நேற்று எத்தனை நகர்த்தலில் தோற்றாய்? 20-ஆ? இன்று 25 வரை தாக்குப்பிடி. எங்கே தவறினாய் என்று நோட்டில் எழுதி வை. சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்ததும் நான் பார்க்கிறேன். எனக்கும் குதிரை எப்படிப் போகும் என்று சொல்லிக் கொடு."

இப்படிச் சொல்லும் அப்பா இருக்கும் வீட்டில், கொல்லிப்பாவையே வந்து உட்கார்ந்து சிரித்தாலும் பிள்ளை பயப்பட மாட்டான். காயை அடுக்கி வைத்து, "ம், நீ ஆடு" என்பான்.